அப்பாவுக்கு மட்டும்

2007 செப்டெம்பர் 9, ஞாயிறு

பாட்டு ரிசீவரை இன்றைக்கு மேசைமேல் ஏற்றிவிட்டேன். மேனேஜராக இருந்த பழைய தொரை தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன அன்று, "பொன்னையா, இதை நாலு தரம் திறந்து பழுது பார்த்தது நீதானே, நீயே வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டுப் போன பெட்டி. இரண்டு பெரிய ஸ்பீக்கரும் சேர்த்து. பங்களா ஹாலில் இருந்தபோது ஒரு மூலையில் அடக்கமாகத்தான் இருந்தது. வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவுக்குள் வந்ததும் அதுதான் வீட்டுக்காரர், நாங்கள் ஒண்டுக்குடி.

மனைவி நாகலெட்சுமி கையில் விளக்குமாறோடு சுற்றிச் சுற்றி வந்தாள். ஏதோ சொன்னாள். "என்னா?" என்றேன். மறுபடி சொன்னாள். மூன்றாம் தரம்தான் விளங்கியது. "இத இங்க வச்சிட்டு நாம எங்க படுக்கிறது?" இவள் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இவள் மட்டுமா, நான் மெக்கானிக் வேலை பார்க்கிற பெக்டரியிலும் அப்படித்தான். ஒருவரும் வாயைத் திறந்து பேசுவதில்லை.

ரேடியோ போட்டுப் பார்த்தேன். மேளம் நன்றாக விழுகிறது. பாடுகிறவர்தான் தொண்டை கட்டியவர் மாதிரி. ஸ்பீக்கரில் ஈரம் ஏறியிருக்க வேண்டும். ராகலைப் பக்கத்துக் குளிரில் உப்புக்கூட ஈரமாகிறது, ஸ்பீக்கருக்கு என்ன கேடு.

செப்டெம்பர் 16, ஞாயிறு

மகள் தனுஷிகா போனில் கோல் எடுத்தாள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கொழும்பிலிருந்து எடுப்பாள். நாகலெட்சுமி அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு, "இந்தாங்க, ஒங்க மக" என்று என் கையில் கொடுத்தாள்.

காதில் வைத்தேன். கரகர என்று ஏதோ. அதற்குள் ஒரு "...ப்பா" மாதிரி. நான் "ம்" என்றேன். மறுபடியும் கரகர. "சிக்னல் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாகலெட்சுமி போனை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு மட்டும் எப்படிச் சிக்னல் வருகிறது? அவள் அடுப்படிப் பக்கம் நிற்கிறாள், அங்கே நன்றாக வருமோ என்னவோ.

மார்ச் மாதம் போனாள் பிள்ளை. கொழும்பில் ஓர் அச்சகத்தில் புத்தகப் பக்கம் அமைக்கிற வேலை. வேண்டாம் என்றேன். சோதனைச்சாவடி, அடையாள அட்டை, யுத்தம் நடக்கிற இந்த நிலைமையில் தனியாக ஒரு பெண் பிள்ளை — மூன்று நாள் சண்டை. அம்மாக்காரி மகள் பக்கம். கடைசியில் நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன். அதன் பிறகு நானும் அவளும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? கோபம் போய்விட்டது என்று ஒரு மனிதன் போனில் சொல்வானா?

செப்டெம்பர் 18, செவ்வாய்

தபாலில் ஒரு சீடி. மேலே கறுப்பு மையில் தனுஷிகாவின் கையெழுத்து: அப்பாவுக்கு மட்டும்.

நாகலெட்சுமி மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நேரே வந்து எனக்கு எதிரில் நின்றாள். "போன்ல நீங்க பேச மாட்டேங்கிறீங்கன்னு பேசியே அனுப்பியிருக்கா. நா கேக்கக் கூடாதாம். கேட்டுட்டு நீங்களே அவளுக்குப் பதில் சொல்லணுமாம், தீபாவளிக்கு முன்ன."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி வர மாட்டாளாம். இந்த வருசம் மட்டுமில்ல."

நேருக்கு நேர் நின்று சொன்னாள். ஒரு தரத்திலேயே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

தீபாவளி நவம்பர் எட்டு. ஏழு வாரம் இருக்கிறது. ஒரு சீடி கேட்க ஏழு வாரமா வேண்டும்?

செப்டெம்பர் 19, புதன்

அவள் படிக்கும்போது வாங்கிய கம்பியூட்டரில் போட்டேன். திரையில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கி ஆடுகின்றன. சத்தம் இல்லை. அதோடு வந்த சின்ன ஸ்பீக்கர் செத்துவிட்டது போல.

செப்டெம்பர் 23, ஞாயிறு

நாகலெட்சுமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கம்பியூட்டரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ரிசீவருக்கு ஒரு வயர் இழுத்தேன். பொத்தானை அழுத்தியதும் "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். பெக்டரி ட்ரான்ஸ்போமர் போடுகிற அதே இரைச்சல். வயரை மாற்றினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. அதற்குப் பின்னால் எங்கேயோ பிள்ளை பேசுகிறாள். பேசுகிறாள் என்பது மட்டும் தெரிகிறது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எட்டு நிமிடம் பேசியிருக்கிறாள். எட்டு நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் கம்பியூட்டர் தானாக நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

இந்த இரைச்சலை எடுத்துவிட்டால் பிள்ளை குரல் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

செப்டெம்பர் 29, சனி

குகநேசன் மாஸ்டர் வந்தார். ராகலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் கம்பியூட்டரும் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து மனிதர். தனுஷிகாவுக்கும் அவர்தான் படிப்பித்தார். ரிசீவரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. பின்பக்கம் தலையை விட்டு ஒவ்வோர் ஓட்டையாக வாசித்தார்.

தன் பாட்டு சீடி ஒன்றைப் போட்டார். "பாட்டு நல்லாத்தானே கேக்குது அண்ணை. பின்னால கொஞ்சமா ஒரு இரைச்சல் இருக்கு, அவ்வளவுதான்."

கொஞ்சமா? எனக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. பாவம், மாஸ்டருக்குக் காது மந்தமாக இருக்கலாம். கணக்கு வாத்தியார்களுக்கு அப்படி வருமோ என்னவோ.

காரணம் சொன்னார். "உங்கட லயத்து லைனில ஏர்த் சரியில்லை. வயரில கரண்ட் போறவரைக்கும் இந்த இரைச்சல் அதிலயே தொத்திக்கொண்டு வரும். இந்த ரிசீவரில டிஜிட்டல் வாய் ஒண்டு இருக்கு, பாருங்கோ. கம்பியூட்டரிலயும் இருக்கு. அதுக்கு ஒரு ஒளி வயர் போட்டால் கரண்டே போகாது. வெளிச்சம் மட்டும்தான் போகும். வெளிச்சத்தில இரைச்சல் தொத்தாது." கொழும்பில் இருக்கிற கூட்டாளியிடம் சொல்லி எடுப்பிக்கிறேன் என்றார்.

தனுஷிகாவின் சீடியை ஒரு தரம் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டார். மேலே எழுதியிருந்ததைக் காட்டினேன். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் சொன்னதை வேறு யாரையாவது கேட்கச் சொல்லி எனக்குச் சொல்லச் சொல்லலாம். அப்படிச் செய்தால் நான் என்ன அப்பா. நீ பேசியது கேட்கவில்லை என்று கடிதம் எழுதலாம். கேட்க மனமில்லை என்றுதான் படித்துக்கொள்வாள். பிடிவாதத்தில் அவள் என் மகள்.

ஒக்டோபர் 4, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதுவதா வேண்டாமா.

பெக்டரியில் ட்ரையர் விசிறிக்கு மூன்றடி தள்ளி நின்று ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தேன். பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் மாடியிலிருந்து ஓடி வந்து ஸ்விட்சை நிறுத்தினார். "என்னப்பா பொன்னையா, பெயாரிங் கீச்சு கீச்சுன்னு கத்துது, மேல வரைக்கும் கேக்குது. நீ பக்கத்துலயே நிக்கிறியே" என்றார். அதைக் கையை வாயருகே குவித்துக் கத்திச் சொன்னார். கையை வைத்துப் பார்த்தேன், பெயாரிங் கொதிக்கிறது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் அன்றைய தேயிலை அவ்வளவும் கருகியிருக்கும்.

இருபத்தாறு வருடம் இந்த மெஷின்களுக்கு நடுவில் நிற்கிறேன். ரோலர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த நட் தளர்ந்திருக்கிறது என்று சொன்னவன். "தடிமன், காது அடைச்சிருக்குங்க" என்றேன். தடிமன் இல்லை.

காது கேட்காதவனை மெஷின் பக்கம் நிறுத்த மாட்டார்கள் — கேட்காதவன் என்று ஏன் எழுதினேன். அடித்துவிட வேண்டும்.

ஒக்டோபர் 7, ஞாயிறு

போனில் மகள். "அப்பா கேட்டாங்களான்னு கேக்கிறா" என்றாள் நாகலெட்சுமி. வயர் வரட்டும் என்றேன். அவள் அதைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 12, வெள்ளி

நாகலெட்சுமி இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. அல்லது பேசினாளா? முதுகைக் காட்டிக்கொண்டு சோறு வடிக்கிறாள், தோள் அசைகிறது. அது பேச்சா, பெருமூச்சா? "என்னா?" என்று கேட்டால் திரும்பிப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்கிறாள். இருபத்தைந்து வருடத்தில் இவள் வாயில் ஒன்றுமில்லை என்ற சொல் இவ்வளவு வந்ததில்லை.

ஒக்டோபர் 19, வெள்ளி

வயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் மாஸ்டர் நேரே எடுத்துக்கொண்டு வந்தார். கறுப்பாக, மெலிசாக, ஒரு சாதாரண கரண்ட் வயர்கூட இதைவிடத் தடிப்பாக இருக்கும். இரண்டு நுனியிலும் சின்ன மூடி. கழற்றி ஒரு நுனியைக் கம்பியூட்டரில் செருகினார். மறு நுனியை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது.

"இதுக்குள்ளதான் அண்ணை உங்கட மகளின்ர குரல் வரப்போகுது."

நான் அதை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். கையில் ஒரு சிவப்புத் துளி விழுந்தது. சூடு இல்லை. கரண்டோடு இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறேன், இவ்வளவு சாதுவான ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

செய்ய வேண்டியதை மாஸ்டர் சொல்லச் சொல்ல ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன். கம்பியூட்டரில் சத்தத்துக்கான பெட்டியைத் திறந்து டிஜிட்டல் என்ற இடத்தில் சரி அடையாளம் போட வேண்டும். ரிசீவரில் எந்த வாயில் வயர் இருக்கிறதோ அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரிசீவர் முகத்தில் டிஜிட்டல் என்று ஒரு நீல விளக்கு. அது அடித்து அடித்து மினுக்கினால் ஒன்றும் வந்து சேரவில்லை. அசையாமல் எரிந்தால் வந்து சேர்ந்துவிட்டது.

அசையாமல் எரிந்தது. இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சத்தம் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கலாம். சீடியை எடுக்கத் திரும்பியபோது கரண்ட் போய்விட்டது. மாஸ்டருக்குக் கடைசி பஸ்.

பரவாயில்லை. நாளை.

ஒக்டோபர் 20, சனி

நாளை என்று எழுதினேனே, வயரைக் கண்ட சந்தோஷத்தில் நாளை ஆயுத பூசை என்பதையே மறந்துவிட்டேன்.

பெக்டரியில் வழக்கம்போல. நேற்று முழுக்க மெஷின்களைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு, இன்று ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பொட்டு வைக்கிற வேலை எப்போதும் என்னுடையது. சும்மா எங்கேயாவது வைப்பதில்லை. எந்த இடத்தில் மெஷின் வேலை செய்கிறதோ அந்த இடத்தில் வைக்க வேண்டும். ரோலருக்கு அச்சில், விசிறிக்கு நடுக்குமிழில். டீமேக்கர்கூட அதில் தலையிட மாட்டார்.

வீட்டுக்கு வந்து அரிவாள், ஸ்பேனர் பெட்டி, நாகலெட்சுமியின் கூடை எல்லாவற்றுக்கும் வைத்தேன். கம்பியூட்டருக்கும் ரிசீவருக்கும் நெற்றியில் பெரிய பொட்டு. பிறகு அந்த ஒளி வயர். எல்லோரிலும் முக்கியமானவர் அவர்தானே இந்த வருடம். கழற்றித் துணியால் துடைத்து, வேலை செய்கிற இடம் எது என்று பார்த்து, இரண்டு நுனியிலும் மோதிர விரலால் மெல்லிசாக ஒரு பொட்டு. கடுகளவுதான். பிள்ளை குரல் நல்லபடியாக வரட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு திருப்பிச் செருகினேன்.

பூசை வைத்த மெஷினை மறுநாள் காலைவரை ஓட்டக் கூடாது. பொறுத்தது பொறுத்தேன், ஒரு நாள்.

ஒக்டோபர் 21, ஞாயிறு

விளக்கு மினுக்குகிறது.

ஒக்டோபர் 22, திங்கள்

மினுக்குகிறது. சரி அடையாளத்தை எடுத்துத் திரும்பப் போட்டேன். ரிசீவரை அணைத்து ஏற்றினேன். கம்பியூட்டரை அணைத்து ஏற்றினேன். அடையாளம் இருக்கிறது. பெயர் சரியாக இருக்கிறது. வயர் மடங்கவில்லை.

ஒக்டோபர் 23, செவ்வாய்

வேலை முடிந்து வந்து ரிசீவர் மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி தவிர ஒரு குறையும் இல்லை. வயரை வேறு வாயில் செருகி அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேயும் மினுக்கல். ஒரு மெஷின் நேற்று ஓடி இன்று நின்றால் நடுவில் யாரோ எதையோ செய்திருக்க வேண்டும். நான் தவிர யாரும் தொடவில்லை. நானும் கும்பிட்டது தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

நாகலெட்சுமி தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். "எதுக்கு இப்பிடி மல்லுக்கட்டுறீங்க? கேக்க விருப்பம் இல்லாட்டி இல்லன்னு சொல்லிருங்க. அவளுக்கு நா சொல்லிக்கிறேன்."

விருப்பம் இல்லையா? எனக்கா? கோபத்தில் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே போட்டேன். அது என் மேல் எனக்கே வந்த கோபம். அவள் தன்மேல் என்று நினைத்துப் போய்விட்டாள்.

ஒக்டோபர் 25, வியாழன்

மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலையாம். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். இன்னும் பதினான்கு நாள்.

ஒக்டோபர் 27, சனி

மாஸ்டர் வந்தார். என் துண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரி என்று முகத்தைச் சுருக்கினார். பிறகு வயரை ரிசீவரிலிருந்து உருவினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சிவப்பு வெளிச்சம் இல்லை. விரல் நகத்தால் நுனியைச் சுரண்டினார். மஞ்சளாக ஒரு செதில் வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"அண்ணை, இது சந்தனமல்லோ?"

சொன்னேன்.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வெளிச்சம் போற வழிக்குச் சந்தனம் பூசிப்போட்டு ஆறு நாளாய் விளக்கைத் திட்டுறியள்." நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே வெட்கமாக இருந்தது. பாழாய்ப்போன மோதிர விரல். என் பிள்ளை வாயை நானே அடைத்திருக்கிறேன்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நுனிகளையும் வாய்களையும் துடைத்தோம். செருகினோம். நீல விளக்கு அசையாமல் எரிந்தது. மாஸ்டர் தன் பாட்டைப் போட்டு, "இப்ப கேளுங்கோ, ஒரு இரைச்சலும் இல்லை, எவ்வளவு துப்பரவு" என்றார். உண்மை. இரைச்சல் இல்லை. மேளம் கேட்டது. பாடுகிறவர் — அந்தப் பாட்டில் பாடுகிறவர் மெதுவாகத்தான் பாடுவார் போல. தலையாட்டினேன்.

நாளை காலை நாகலெட்சுமி தண்ணீர்ப் பீலிக்குத் துணி துவைக்கப் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு கேட்கப் போகிறேன்.

ஒக்டோபர் 28, ஞாயிறு

கேட்டது. எனக்கல்ல.

ஒக்டோபர் 29, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று வேலைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாகலெட்சுமி துணி மூட்டையோடு பீலிக்கு இறங்கியதும் கதவைச் சாத்தினேன். சீடியைப் போட்டேன். நீல விளக்கு அசையவில்லை. பச்சைக் கோடுகள் ஆடத் தொடங்கின. இரைச்சல் இல்லை. ஒன்றுமே இல்லை. காம்பரா அவ்வளவு நிசப்தமாக இருந்தது.

சத்தத்தைக் கூட்டினேன். பாதி. முக்கால். அந்த இரைச்சலாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது, பழி போட ஓர் ஆள் இருந்திருக்கும். முழுதும் திருகினேன். தூரத்தில் யாரோ சுவருக்குப் பின்னால் பேசுவதுபோல ஒரு முனகல். மேசையில் டம்ளர் நகர்ந்தது. அது ஏன் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே ஸ்பீக்கர்மேல் கையை வைத்தேன்.

ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் தட்டுத் தட்டாக, நின்று நின்று, பேச்சு மாதிரியே. பிள்ளை பேசிக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று என் கைக்குத் தெரியும், கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. மெஷினில் பழுது இல்லை. பழுது என்னிடம். கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். எனக்கு அழுகை வந்தது.

கதவு திறந்தது. நாகலெட்சுமி, முழங்கால் வரை நனைந்த சேலையோடு. அவளுக்குப் பின்னால் பக்கத்துக் காம்பரா வேலாயி. அவளுக்குப் பின்னால் லயமே நின்றது. தண்ணீர்க் குடத்தோடு, பல் துலக்குகிற குச்சியோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. வேலாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்பாவுக்கு மட்டும் என்று எழுதியதை அப்பாவைத் தவிர எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

நாகலெட்சுமி உள்ளே வந்து திருகியைக் குறைத்தாள். எந்த இடத்தில் சத்தம் நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல."

"எத்தன நாளா?"

"ஒரு வருசம் இருக்கும். தடிமன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் மெதுவா பேசுறீங்கன்னு நெனச்சேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்ப நா கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்காம இருந்தது?"

"கேக்கல."

"எம் மேல கோவம்னுல்ல இருந்தேன். புள்ளைய நாந்தான் அனுப்பி வச்சேன்னு கோவம். ஏழு மாசமா ஒரே வீட்டுல ஒங்க மொகத்தப் பாக்கவே பயந்துகிட்டு..." அதற்கு மேல் அவள் உதட்டைப் படிக்க முடியவில்லை, நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு மாதம். என் காதுக்கு நான் பயந்தேன், என் வாய்க்கு இவள் பயந்திருக்கிறாள். கட்டிய மனைவிக்கு இதைச் செய்யலாமா? தெரியாமல் செய்தாலும் செய்ததுதானே.

பிறகு அவள்தான் சீடியில் இருந்ததைச் சொன்னாள், மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து. வேலை பற்றி, தங்கியிருக்கிற வீடு பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள். கடைசியில்: "பஸ் ஜன்னல்ல நின்னு போய்ட்டு வரட்டுமாப்பான்னு மூணு தரம் கேட்டேன். நீங்க வேற பக்கம் பாத்துகிட்டு நின்னீங்க. தீபாவளிக்கு வரட்டுமா? நீங்க ஒங்க வாயால வான்னு சொன்னாத்தான் வருவேன்."

எனக்கு அந்த ஜன்னல் நினைவிருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் அசைந்ததைப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன். அழுதுவிடுவேனோ என்றுதான் வேறு பக்கம் பார்த்தேன்.

வேலாயி கதவைத் திறந்து தலையை நீட்டி என்னைப் பார்த்து, கையை ஆட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "புள்ளைய. வரச். சொல்லுங்க." இந்த லயத்தில் இனி என் வீட்டு விஷயம் என்று ஒன்று இல்லை.

ஒக்டோபர் 30, செவ்வாய்

மகளுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து நாகலெட்சுமி நம்பரை அழுத்தி, அவள் எடுத்ததும் தலையசைத்து, போனை என் வாய்ப்பக்கம் பிடித்தாள்.

"தனுஷி, அப்பா பேசுறேன். நீ பேசாத. பேசினாலும் எனக்குக் கேக்காது. காது போச்சு புள்ள. அன்னைக்கு ஜன்னல்ல நீ கேட்டது எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா போய்ட்டு வான்னு சொல்லியிருப்பேன். ஒம் மேல ஒரு கோவமும் இல்ல. தீபாவளிக்கு வா."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை நாகலெட்சுமி பக்கம் தள்ளினேன். அவள் வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னா சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. அழுகுறா."

நவம்பர் 2, வெள்ளி

டீமேக்கரிடம் சொல்லிவிட்டேன். லயத்தில் இருக்கிற விஷயம் பெக்டரிக்கு ஏற எத்தனை நிமிடம், அவருக்கு ஏற்கெனவே தெரியும். ட்ரையர் பக்கம் வேண்டாம், வேர்க்ஷொப்பில் மேசை வேலை பார் என்றார். சம்பளம் அதேதான். நெஞ்சில் ஒரு கல் விழுந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த கல்லைவிடச் சின்னது.

நவம்பர் 7, புதன்

ராகலை பஸ் ஸ்டாண்டில் நான்தான் போய் நின்றேன். இறங்கியதும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு காதையும் கையால் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, அத்தனை பேர் நடுவில்.

நவம்பர் 8, வியாழன், தீபாவளி

எண்ணெய் முழுக்கு, கோயில், வேலாயி வீட்டுப் பலகாரம், எல்லாம் முடிந்தது. நானும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தோம். உதடு படிக்க நான் இன்னும் சரியாகப் பழகவில்லை. அவள் வேகமாகப் பேசுகிறவள், கொழும்பு போய் இன்னும் வேகம். அதனால் இந்தக் கொப்பியையே அவளிடம் நீட்டினேன். நீ எழுது, நான் வாயால் சொல்கிறேன் என்றேன். முன்பக்கங்களை அவள் புரட்டவில்லை. கீழே இருக்கும் உருண்டை எழுத்து அவளுடையது.

*அப்பா, இவ்வளவு சத்தமா பேசாதீங்க. வேலாயி அத்தை வாசல்ல வந்து நின்னுட்டாங்க.*

குரலைக் குறைத்தேன். எவ்வளவு குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கையைக் கீழே இறக்கி இறக்கிக் காட்டினாள், போதும் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

*நிஜமா என் மேல கோவமே இல்லையா?*

மார்ச்சில் இருந்தது என்றேன். ஏப்ரலில் இல்லை. மே மாதத்திலிருந்து என் மேல்தான்.

அவள் சிரித்தாள். சிரிப்புக்குக் காது வேண்டியதில்லை. பிறகு குனிந்து கொஞ்ச நேரம் எழுதினாள்.

*கொழும்புல காது டொக்டர் ஒருத்தருக்கு நம்பர் எடுத்திருக்கேன். இருபதாம் தேதி. போனது முழுசா திரும்பாதுன்னு சொன்னாங்க. ஆனா காதுல சின்ன மெஷின் ஒண்ணு வச்சா பக்கத்துல பேசுறது கேக்குமாம். அம்மாவுக்கு லீவு இல்ல. தனியா பஸ்ல வருவீங்களா?*

கொழும்பு மண்ணை மிதிக்கவே மாட்டேன் என்று இதே காம்பராவில், இதே பிள்ளையிடம் கத்தியவன் நான். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நாகலெட்சுமியும் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பதில் அவள் கேள்விக்குக் கீழேயே இருக்கட்டும் என்று தோன்றியது. பேனாவை வாங்கி எழுதினேன்.

வர்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வந்து நில்லு.